வேலை போனால் கார்டும் போகுமா?

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஓர் அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேசும்போது விட்டுப்போன சில கணக்குகளை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)



வழக்கமாக என்னைக் கூப்பிடுகிறவர்கள் கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுவார்கள். இன்றைக்குக் கவிதை இல்லை. நேற்று ராத்திரி உட்கார்ந்து ஒரு தாளில் கணக்கெழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். பேங்க் குமாஸ்தாவுக்கு அதுதானே வரும். நடுவில் நம்பர் நிறைய வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் உட்கார்ந்திருப்பது நகைக்கடன் கவுண்டர். அந்த இடத்தில் உட்கார்ந்தால் ஊரின் நாடி தெரியும். ஜூன் மாதம் ஸ்கூல் ஃபீஸுக்கு வருவார்கள். ஒரு கம்பெனியில் ஆர்டர் குறைந்துவிட்டது என்பது பேப்பரில் வருவதற்கு முன்னாடியே கம்மலாகவும் மூக்குத்தியாகவும் என் மேசைக்கு வந்துவிடும். நகைக்கடனில் இரண்டு சாதி உண்டு. நிலம் இருக்கிறவர்களுக்கு விவசாய நகைக்கடன், வட்டி குறைவு, சிட்டா அடங்கல் கேட்போம். நிலம் இல்லாதவர்களுக்கு வட்டி கூடின கடன். காலங்காலமாக அந்த நிலத்தில் நாற்று நட்டவளுக்குச் சிட்டா கிடையாது என்பதால் வட்டி அதிகம். இதை நான் தினமும் கையெழுத்துப் போட்டுச் செய்கிறேன். செய்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கவிதை எழுதுகிறேன்.

2023 நவம்பரில் ஒரு நாள் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டேன். எழுந்து வந்தது என் அக்கா.

வீட்டுக்கு வந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மற்றவர்களைப் போல வரிசையில் உட்கார்ந்து, கர்சீப்பில் முடிந்த கம்மலைக் கொண்டுவந்து வைத்தாள். "இன்னாக்கா இது?" என்றேன். "பாப்பாவுக்கு மருந்து வாங்கணும்டா. மெல்லமா பேசு" என்றாள்.

அக்கா ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஆறு வருஷம் அப்பர் தைத்தவள். ஷூவின் மேல்பாகத் தோலைத்தான் அப்பர் என்பார்கள். அந்த வேலையில் இருப்பது பெரும்பாலும் பெண்கள், அதிலும் நம்ம சனம் நிறைய. கம்பெனி ரோலில் அவள் இல்லை, கான்ட்ராக்டர் ரோலில் இருந்தாள். ஒரே பெஞ்சு, ஒரே மிஷின், ஆறு வருஷத்தில் மூன்று கான்ட்ராக்டர். சம்பளம் 9,500 ரூபாய். 2023 ஆகஸ்ட் கடைசியில் சூப்பர்வைசர் வந்து, "ஆர்டர் இல்ல, நாளைலேர்ந்து வர வேணாம், கூப்புட்டனுப்புறோம்" என்றிருக்கிறான். அவ்வளவுதான். ஒரு துண்டுச் சீட்டு இல்லை. இ.எஸ்.ஐ. கார்டு என்ன ஆகும் என்று இவள் கேட்டதற்கு, "வேலையே போச்சு, கார்டு மட்டும் இருக்குமா?" என்று சிரித்திருக்கிறான்.

அக்கா மகளுக்கு வலிப்பு. அப்போது ஒன்பது வயது. தினமும் இரண்டு வேளை மருந்து, ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாத மருந்து. அதுவரை இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் வாங்கிக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் சொன்னதை நம்பி அங்கே போவதை நிறுத்திவிட்டாள். கடையில் வாங்கினாள். மாமாவுக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை இருந்தால் பெரிது. புட்டி சீக்கிரம் தீரக் கூடாது என்று அளவைக் குறைத்துக் கொடுத்திருக்கிறாள். குழந்தை ஸ்கூலில் பிரேயரில் நின்றுகொண்டிருக்கும்போது விழுந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கம்மல் என் மேசைக்கு வந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? படிவத்தைப் பூர்த்தி செய்தேன். கடனின் நோக்கம் என்ற இடத்தில் 'மருத்துவச் செலவு' என்று எழுதினேன். "அதான் வேலை போயிடுச்சே, கார்டு செல்லாது" என்று நானும் சொன்னேன். பி.காம். படித்தவன், யூனியன் கூட்டத்துக்குப் போகிறவன், அம்பேத்கர் படத்தை வீட்டில் மாட்டியவன். எனக்கும் தெரியவில்லை. அந்தக் கார்டு அன்றைக்கு உயிரோடு இருந்தது. 2024 ஜூன் 30 வரைக்கும் உயிரோடு இருந்தது.

இது எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். அடுத்த வருஷம் ஒருவர் சேமிப்புக் கணக்கு விஷயமாக வந்தார். வேறு மாவட்டத்தில் ஒரு நூல் மில்லில் இருபது வருஷம் நிரந்தரத் தொழிலாளி. மில்லை மூடிவிட்டார்கள், சொந்த ஊருக்கு வந்துவிட்டார். மாதாமாதம் அவருக்கு இ.எஸ்.ஐ.யிலிருந்து ஒரு தொகை வரும். என்ன பணம் என்று கேட்டேன். வேலையில்லாப்படி என்றார். "காசு கெடக்குது சார். எங்க வூட்டம்மாவுக்கு டயாலிசிஸ் நிக்காம ஓடுது பாருங்க, அதான் பெருசு" என்றார். வேலை போன மனிதர். அவர் மனைவிக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ், செலவு இ.எஸ்.ஐ.யுடையது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கு ராத்திரிதான் விதிகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முதல் தடவையாக ஒரு அரசாங்க விதியைக் கவிதை மாதிரி வரி வரியாகப் படித்தேன்.

படித்ததைச் சொல்கிறேன்.

நம்ம அரசியல் சட்டத்தில் 41ஆவது பிரிவு ஒன்று இருக்கிறது. வேலையின்மை, முதுமை, நோய், உடல் ஊனம் ஆகிய நிலைகளில் அரசின் உதவி பெறும் உரிமைக்கு வழி செய்ய வேண்டும் என்கிறது. வேலையின்மையையும் நோயையும் ஒரே மூச்சில் சொல்கிறது, கவனியுங்கள். எழுதினவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, இரண்டும் ஒரே வீட்டுக்கு ஒரே நேரத்தில் வரும் என்று. ஆனால் 'பொருளாதாரத் திறனின் எல்லைக்குள்' என்று ஒரு வேலியும் போட்டார்கள். 37ஆவது பிரிவில், இதைக் காட்டி கோர்ட்டுக்குப் போக முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

இ.எஸ்.ஐ.யின் கதை அதற்கும் முந்தியது. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறையைப் பார்த்தவர் அண்ணல் அம்பேத்கர். அந்தக் காலத்தில்தான், 1943இல், தொழிலாளர்களுக்கான நோய்க் காப்பீட்டுத் திட்டம் ஒன்றைத் தயாரிக்கும் பொறுப்பு பேராசிரியர் அடார்க்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1944இல் அவர் அறிக்கை கொடுத்தார். அதிலிருந்து வந்ததுதான் 1948ஆம் ஆண்டுச் சட்டம். 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1955இல் கோயம்புத்தூரில். தொடக்கத்தில் தொழிலாளிக்கு மட்டும் வைத்தியம், பிறகு குடும்பத்துக்கும் வந்தது. நோய், பிரசவம், வேலையில் ஏற்படும் விபத்து எல்லாம் அதில் இருந்தன. வேலை போனால் என்ன என்பது மட்டும் இல்லை. அது வருவதற்கு 2005 ஏப்ரல் ஆக வேண்டியிருந்தது. 57 வருஷம்.

ராஜீவ் காந்தி பெயரில் வந்த அந்தத் திட்டம் என்ன சொல்கிறது? கம்பெனி மூடப்பட்டாலோ, ஆட்குறைப்பு நடந்தாலோ, நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ (அதற்கும் 40 சதவீதம் என்று ஓர் அளவுகோல் உண்டு) வேலை இழந்த தொழிலாளிக்குப் படி உண்டு. முதலில் ஐந்து வருஷம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்றார்கள், படிப்படியாகக் குறைத்து இரண்டு வருஷத்துக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் ஆறு மாதம்தான் கொடுத்தார்கள், அது இரண்டு வருஷமாக நீண்டது. முதல் 12 மாதம் பாதிச் சம்பளம், அடுத்த 12 மாதம் கால் சம்பளம். அந்தப் படி ஓடுகிற வரைக்கும் தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் இ.எஸ்.ஐ. வைத்தியம். நல்ல விதி. இதைக் குறைசொல்ல நான் வரவில்லை. அந்த மில்காரர் மனைவி அதனால்தான் அன்றைக்கு உயிரோடு இருந்தார்.

அக்காவுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 9,500இல் பாதி 4,750, பன்னிரண்டு மாதத்துக்கு 57,000. அடுத்த வருஷம் கால் பங்கு 2,375, மொத்தம் 28,500. இரண்டும் சேர்த்து 85,500 ரூபாய். கூடவே பாப்பாவுக்கு இரண்டு வருஷ மருந்து. கம்மலுக்கு நாங்கள் கொடுத்தது 18,000.

அப்படியானால் அக்காவுக்கு இது ஏன் வரவில்லை? இங்கேதான் தோழர்களே கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்கிற நண்பன் ஒருவன் எனக்கு ஒரு பட்டியலைக் காட்டினான். முதலாளிகள் மாதாமாதம் இ.எஸ்.ஐ.க்குக் கணினியில் ஏற்றுகிற பட்டியல். ஒரு தொழிலாளி அந்த மாதம் ஒரு நாளும் வேலை செய்யவில்லை என்றால் காரணத்துக்கு ஓர் எண் போட வேண்டும். 1 என்றால் லீவில் இருக்கிறார். 2 என்றால் வேலையை விட்டுப் போய்விட்டார். 5 என்றால் செத்துப்போய்விட்டார். 10 என்றால் ஆட்குறைப்பு. 11 என்றால் வேலை இல்லை. "எங்க அக்கா மாதிரி ஆளுக்கு எதைப் போடுவீங்க?" என்று கேட்டேன். "எல்லாருக்கும் 2தான். எவன் 10 போடுவான்? 10 போட்டா வருஷத்துக்குப் பதினஞ்சு நாள் சம்பளம்னு நஷ்டஈடு குடுக்கணுமே" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். அவன் கெட்டவன் இல்லை.

'வர வேணாம்' என்று இவளிடம் சொன்னார்கள். 'வரவில்லை' என்று கணினியில் எழுதினார்கள். படிக்கான மனுவில் கம்பெனிக்காரன் சான்று கொடுக்க வேண்டும், இது மூடல், இது ஆட்குறைப்பு என்று. 2 போட்டவன் அந்தச் சான்றை எப்படிக் கொடுப்பான்? சரி, வக்கீலைப் பிடித்துச் சண்டை போடலாம் என்றால், சட்டத்திலேயே ஓட்டை வைத்திருக்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்து அது புதுப்பிக்கப்படாமல் வேலை போனால் அது ஆட்குறைப்பு ஆகாது என்று தொழிற்தகராறு சட்டத்தில் 1984இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். அதன் இடத்துக்கு வந்த 2020 சட்டத்தொகுப்பிலும் அந்த வாசகம் பத்திரமாகக் குடியேறியிருக்கிறது. விருப்ப ஓய்வு என்ற பெயரில் கையெழுத்து வாங்கி அனுப்பினாலும் படி கிடையாது. விருப்பமாம். யாருடைய விருப்பம்?

சேரியில் பிறந்தவனுக்கு இந்த 2 புதிதில்லை. 'அவங்களா போயிட்டாங்க' என்பது இந்த நாட்டின் பழைய பல்லவி. ஊரைவிட்டுத் துரத்திவிட்டு 'அவங்களா காலிபண்ணிப் போனாங்க' என்பார்கள். பள்ளிக்கூடத்தில் பெருக்கச் சொல்லி, வகுப்புக்கு வெளியே உட்கார வைத்து, 'இடைநின்ற மாணவன்' என்று ரிஜிஸ்டரில் எழுதுவார்கள். தள்ளியவனின் கை எந்த ஆவணத்திலும் இருக்காது.

'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற நூலில் அம்பேத்கர் இதைத் தொட்டிருக்கிறார். வேலையில்லாமல் நிற்கிறவனிடம் போய் அடிப்படை உரிமை பற்றிப் பேசிப் பாருங்கள், பட்டினிக்குப் பயந்து அவன் தன் உரிமைகளைத் தானே விட்டுக்கொடுக்கத் தயாராவான் என்பது அவர் வாதத்தின் சாரம். 1947இல் எழுதியது. அக்கா அந்தச் சூப்பர்வைசரிடம் எழுத்தில் கொடு என்று ஏன் கேட்கவில்லை என்று நான் கோபப்பட்டபோது அவள் சொன்னாள்: "கேட்டா மறுபடி கூப்புடுவானாடா?" நூலில் ஒரு பக்கம் எழுதியதை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள். கூப்பிடவே இல்லை என்பது வேறு விஷயம்.

இப்போது கார்டு விஷயத்துக்கு வருகிறேன். இது படியிலிருந்து தனி. இதை மாணவத் தோழர்கள் குறித்துக்கொள்ளுங்கள், நாளைக்கே உங்கள் தெருவில் யாருக்காவது உதவும்.

இ.எஸ்.ஐ.யில் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம், அக்டோபரிலிருந்து மார்ச் வரை இன்னொன்று. ஒரு சந்தாக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டப்பட்டிருந்தால், மூன்று மாதம் தள்ளி வருகிற ஆறு மாதத்துக்கு வைத்தியம் உண்டு. ஏப்ரல்-செப்டம்பரில் கட்டினதற்கு அடுத்த ஜனவரியிலிருந்து ஜூன் வரை. அக்டோபர்-மார்ச்சில் கட்டினதற்கு ஜூலையிலிருந்து டிசம்பர் வரை. அக்கா 2023 ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை வேலை பார்த்தாள். 78 நாளைத் தாண்டிவிட்டது. ஆக 2024 ஜனவரியிலிருந்து ஜூன் 30 வரை உண்டு. அதற்கு முந்தின சந்தாக் காலத்தில் கட்டியது 2023 டிசம்பர் வரை காப்பாற்றும். நடுவில் ஒரு நாள்கூட இடைவெளி கிடையாது. வேலையை விட்டாள் என்று 2 போட்டாலும் உண்டு. எந்தச் சான்றும் வேண்டாம். டிஸ்பென்சரிக்குப் போய் நம்பரைச் சொன்னாலே போதும். அவள் போகவில்லை. யாரும் அவளை விரட்டவில்லை, போகாமலே மறுக்கப்பட்டது.

இன்னொன்றும் இருந்தது. 2018 ஜூலையில் வாஜ்பாய் பெயரில் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். வேலை போனவர்களுக்கு வாழ்நாளில் ஒரு தடவை 90 நாள் வரை கால் சம்பளம். கொரோனா வந்து ஊரே அடங்கியபோது, 2020இல், அதைப் பாதிச் சம்பளமாக்கி, கம்பெனிக்காரன் வழியாகப் போக வேண்டாம், தொழிலாளியே நேராக மனுக் கொடுக்கலாம் என்று தளர்த்தினார்கள். அந்த நீட்டிப்பு 2023இலும் நடப்பில் இருந்தது. இதையும் அக்கா கேட்கவில்லை. அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியவன் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வட்டி விகிதம் சொல்லிக்கொண்டிருந்தான்.

இதில் தர்மம் எதுவும் இல்லை, அதைப் புரிந்துகொள்ளுங்கள். 2019 ஜூலையிலிருந்து தொழிலாளி சம்பளத்தில் முக்கால் சதவீதம், முதலாளி மூன்றேகால் சதவீதம். அக்கா சம்பளத்தில் மாதம் 72 ரூபாய் பிடித்தார்கள். முதலாளி பங்கு 309. அந்த 309உம் அவள் தைத்த தையலிலிருந்து வந்ததுதானே, வானத்திலிருந்து விழவில்லை. 2019 ஜூலைக்கு முன்னால் இன்னும் அதிகமாகப் பிடித்தார்கள், அவளிடம் ஒன்றேமுக்கால் சதவீதம்.

யாராவது எழுந்து கேட்கலாம், 'ஜி.எச். இருக்கிறதே, அங்கே எல்லாருக்கும் இலவசம்தானே?' நியாயமான கேள்வி. நம்மில் பாதிப் பேர் அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். அதைக் கேவலமாகப் பேசுகிற நடுத்தர வர்க்கக் குரலோடு நான் சேர மாட்டேன். பாப்பாவுக்குப் பிறகு அங்கேதான் பார்த்தோம், டாக்டரம்மா அருமையாகப் பார்த்தார். ஆனால் அக்கா ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி, வரிசையில் நின்று, சில மாதம் மருந்து கிடைத்து, ஒரு மாதம் 'ஸ்டாக் இல்ல, வெளிய வாங்கிக்கோம்மா' என்று கேட்டு வர வேண்டும். அதைச் செய்யத்தான் செய்தாள். என் கேள்வி வேறு. அவள் காசு கட்டி வாங்கிய உரிமை ஒன்று பக்கத்துத் தெரு டிஸ்பென்சரியில் இருக்கும்போது, அது இல்லை என்று அவளை நம்ப வைத்தது எது?

வெளிநாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 1911இல் ஒரு காப்பீட்டுச் சட்டம் வந்தது. நம்ம இ.எஸ்.ஐ.க்குப் பாட்டன் மாதிரி. வேலை செய்கிறவனுக்கு டாக்டர் உண்டு, அவன் பெண்டாட்டி பிள்ளைக்கு இல்லை. வேலை போய்ச் சந்தா பாக்கி விழுந்தால் அவனுக்கே சிக்கல். முப்பத்தேழு வருஷம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, 1948 ஜூலை 5ஆம் தேதி, அனூரின் பெவன் என்கிற சுரங்கத் தொழிலாளியின் மகன் சுகாதார மந்திரியாக இருந்து, அந்தக் கேள்வியையே தூக்கிப் போட்டார். வேலை இருக்கிறதா, சந்தா கட்டினாயா என்று ஆஸ்பத்திரியில் யாரும் கேட்கக் கூடாது என்றாக்கினார். அவரும் சின்ன வயசில் சுரங்கத்தில் இறங்கினவர்தான். அதே 1948இல்தான் நாம் இ.எஸ்.ஐ. சட்டம் போட்டோம். நாம் 1911ஐக் கொண்டுவந்து 1948இல் நட்டோம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நம்மிடம் காசில்லை, உண்மை. அவர்களிடம் இருந்த காசில் நம்மிடம் சுருட்டியதும் இருந்தது, அதுவும் உண்மை.

இவ்வளவும் இ.எஸ்.ஐ.க்கு உள்ளே இருக்கிறவர்களின் கதை. வெளியே நிற்கிற நம்ம சனத்தின் கதை இன்னும் சின்னது, ஏனென்றால் சொல்ல ஒன்றுமே இல்லை. வயல் வேலைக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. சர்க்கரை, வெல்லம், தேயிலை, பருத்தி அரவை மாதிரி சீசன் ஆலைகளைச் சட்டமே விலக்கி வைத்தது. நூறுநாள் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேலை கேட்டு 15 நாளில் கொடுக்காவிட்டால் வேலையில்லாப்படி என்று எழுதியிருந்தார்கள், முதல் 30 நாளுக்குக் கால் கூலி, பிறகு அரைக் கூலி. வேலை செய்யும்போது காயம்பட்டால் இலவசச் சிகிச்சை என்றும் இருந்தது. வேலை கொடுக்காத நாளில் வருகிற காய்ச்சலுக்கு ஒன்றும் இல்லை.

மாணவர்களே, உங்களுக்கும் ஒன்று வைத்திருக்கிறார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருஷம் காத்திருந்தால் தமிழ்நாடு அரசின் உதவித்தொகை. பத்தாவது ஃபெயிலுக்கு மாதம் 200, பாஸானால் 300, பன்னிரண்டாவதுக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய். மூன்று வருஷம் கொடுப்பார்கள். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000 தாண்டக் கூடாது. மற்றவர்களுக்கு வயது 40 வரை, நமக்கு 45 வரை. நமக்கு அதிக நாள் வேலை கிடைக்காது என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டு கொடுத்த சலுகை அது. 600 ரூபாயோடு வைத்தியம் எதுவும் ஒட்டிக்கொண்டு வராது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அந்தக் குடும்பம் சேரலாம். அதன் வரம்பும் முன்பு 72,000தான், பிறகு 1,20,000 ஆக்கினார்கள். ஆபரேஷனுக்கு, ஆஸ்பத்திரியில் படுத்தால், அது நல்ல திட்டம், பலரைக் காப்பாற்றியிருக்கிறது. தினமும் இரண்டு வேளை குடிக்கிற மருந்துப் புட்டிக்கு அது வராது. ஏழையின் நோய் பெரும்பாலும் படுக்கிற நோயில்லை தோழர்களே, நின்றுகொண்டே, வேலை செய்துகொண்டே சுமக்கிற நோய்.

சென்னையில் 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை எதிரில் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தீர்கள். இரண்டு மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து உட்கார்ந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. அவர்கள் வேலை நிரந்தரத்தைக் கேட்டார்கள். அதில் இந்தக் கணக்கும் ஒளிந்திருக்கிறது. கான்ட்ராக்டர் மாறும்போது பழைய பட்டியலில் எல்லாரும் 2 ஆகிவிடுவார்கள். புதியவன் எடுத்துக்கொண்டால் புது நம்பர் போட்டாலும் போடுவான். என் அக்காவுக்கே இரண்டு நம்பர் இருந்தது, ஆறு வருஷம் இரண்டு துண்டாகக் கிடந்தது. புதியவன் எடுத்துக்கொள்ளாத பெண் தெருவைக் கூட்டிய இருபது வருஷத்தை எந்த நம்பரில் போய்த் தேடுவாள்?

என்ன கேட்கலாம்? நான் பெரிய கோரிக்கைப் பட்டியல் எழுதவில்லை. விதிப் புத்தகத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. ஐந்து வருஷம் சந்தா கட்டி வயதாகி ஓய்வு பெற்றவரும் அவர் துணையும் வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டி இ.எஸ்.ஐ. வைத்தியத்தைத் தொடரலாம். மாதம் 10 ரூபாய். விருப்ப ஓய்வில் போனவருக்கும் அந்த வழி உண்டு. ஓய்வு பெற்றவருக்குக் கொடுக்க முடிந்ததை வேலையிலிருந்து தள்ளப்பட்டவளுக்கு ஏன் கொடுக்க முடியாது? அவள் பிள்ளையையும் சேர்த்து? 2 போட்டானா 10 போட்டானா என்று பார்க்காமல், அடுத்த வேலை கிடைக்கும் வரைக்கும். மருந்தைப் படியோடு கட்டிப்போட்டதுதான் கோளாறு. படிக்கு ஆயிரம் நிபந்தனை வைத்துக்கொள், சண்டை போட்டு வாங்கிக்கொள்கிறோம். குழந்தையின் மருந்துக்குச் சூப்பர்வைசரின் சான்று எதற்கு? கான்ட்ராக்டர் காரண எண் போட்டால் அது அந்தத் தொழிலாளியின் செல்போனுக்குப் போக வேண்டும், அவள் மறுத்துச் சொல்ல ஒரு மாதம் அவகாசம் வேண்டும் என்றும் கேட்கலாம். என் பேங்கில் ஐம்பது ரூபாய் எடுத்தாலே மெசேஜ் போகிறது.

அக்கா இப்போது வேறு கம்பெனியில் தைக்கிறாள். மறுபடி கான்ட்ராக்ட்தான். இந்தத் தடவை நம்பரை நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நாள் கணக்கு என்னிடம் கேட்பாள். பாப்பா ஆறாவது முடித்துவிட்டது, விழுந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கம்மல் இன்னும் எங்கள் பேங்க் லாக்கரில்தான் இருக்கிறது, வட்டி நான் கட்டுகிறேன். எடுத்துக் கொடுக்கிறேன் என்றால், "நீ போட்ட கணக்குல நீ எடுக்காத, நான் எடுத்துக்குறேன்" என்கிறாள்.

வாசலுக்குப் பக்கத்து மேசையில் கூட்டம் முடிந்த பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். வேலை போன யாருடைய இ.எஸ்.ஐ. கார்டாவது உங்கள் வீட்டில் இருந்தால் நம்பரையும், கடைசியாக வேலை செய்த மாதத்தையும் கொண்டுவாருங்கள். எது வரைக்கும் செல்லும் என்று உடனே பார்த்துச் சொல்கிறேன். கார்டைத் தொலைத்திருந்தாலும் பரவாயில்லை, பழைய சம்பளச் சீட்டு ஒன்று இருந்தால்கூட அதில் நம்பர் இருக்கும்.